இட்டேரிக்குள்ள நுழையாத தீயணைப்பு வண்டி

எழுதி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. மஞ்சள் வெட்டு, வேவிச்சுக் காய வைக்கிற வேலைன்னு பங்குனி போனதே தெரியலை. அதுக்கு நடுவுல எங்க ஊர்ல ஒரு தீ விபத்து. அதை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சே இத்தனை நாள் போயிடுச்சு.

எங்க தோட்டத்துக்குப் பின்னால பெரியம்மாவோட தோட்டம். தார் ரோட்டுல இருந்து அங்க போறதுக்கு ஒரே வழி, எனக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் நடுவுல போற இட்டேரிதான். டவுன்ல இருக்கிறவங்களுக்காகச் சொல்றேன்: ரெண்டு பக்கமும் வேலி, நடுவுல வண்டித்தடம், அதுதான் எங்க கொங்கு நாட்டுல இட்டேரி. முன்னெல்லாம் ரெண்டு பக்கமும் கிளுவை வேலி இருக்கும். ஓணான், கௌதாரி, கோவைக்கொடி எல்லாம் அதுல குடியிருக்கும். இப்ப முக்கால்வாசி இடத்துல கல்லுக்காலும் கம்பியும்தான்.

பங்குனி மாசத்து மத்தியானம், நல்ல காத்து. பெரியம்மாவோட சோளத்தட்டுப் போருல தீ. எப்படிப் பிடிச்சதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை. நான் மஞ்சள் களத்துல இருந்தேன். புகையைப் பார்த்ததும் 101-க்கு போன் பண்ணினேன், மணி 2.10. தீயணைப்பு நிலையம் 14 கிலோமீட்டர் தள்ளி இருக்கு. வண்டி தார் ரோட்டுல வந்து நின்னப்ப மணி 2.32. இருபத்திரெண்டு நிமிஷம். புத்தம் புது வண்டி, பளபளன்னு சிவப்பு. நாலு வளைவு, ஒரு நீள மேடு எல்லாம் தாண்டி இவ்வளவு சீக்கிரம் வந்தது பெரிய விஷயம்.

ஆனா இட்டேரி வாயில வந்ததும் நின்னுடுச்சு. ரெண்டு தடவை முன்ன பின்ன ஒடிச்சுப் பார்த்தாங்க. கண்ணாடியை மடக்கிப் பார்த்தாங்க. நுழையலை. அங்கிருந்து போர் 260 மீட்டர். வண்டியில இருந்த ஹோஸ் 16, ஒண்ணு 15 மீட்டர். எல்லாத்தையும் ஜோடிச்சு இழுத்துட்டு அந்தப் பசங்க ஓடின ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன். அதுக்குள்ள போர்ல இருந்து மாட்டுச்சாளைக்குத் தாவிடுச்சு. மேலே தென்னங்கீத்து. ஒரு எருமையும் கன்னுக்குட்டியும் போச்சு. மத்ததை அவுத்து விட்டுட்டோம். பெரியம்மா வீடு தப்பிச்சது. அதுவும் பாதி, பக்கத்து ஊருத் தம்பி ஒருத்தர் டிராக்டர்ல தண்ணி டேங்கரைப் பூட்டிக்கிட்டு இட்டேரிக்குள்ள வந்து சேர்ந்ததாலதான்.

அன்னிக்குப் பொழுதோட டீக்கடையில ஒரே பேச்சு. "புது வண்டி எல்லாம் சும்மா ஷோங்க. பழைய லேலண்டா இருந்திருந்தா சல்லுனு உள்ள பூந்திருக்கும். அதுல இருந்த தம் இதுல எங்க?" நானும் தலையை ஆட்டினேன். ஏன்னா எனக்கே பழைய வண்டியைத் தெரியும்.

1991-ல எங்க அப்பாவோட தட்டுப்போர் பத்திக்கிச்சு. எனக்கு அப்போ பதினொரு வயசு. ஊர்ல யார் வீட்டுலயும் போன் கிடையாது. ஒருத்தர் டிவிஎஸ் 50-ல சொசைட்டி ஆபீஸுக்குப் போய், அங்கிருந்து சொல்லி, வண்டி வர ஒரு மணி நேரம் ஆச்சு. அசோக் லேலண்ட் காமெட்டுல கட்டின வண்டி. மூக்கு முன்னால நீட்டிக்கிட்டு, பித்தளை மணியோட. இதே இட்டேரியில கிளுவை ரெண்டு பக்கமும் உரச உரச உள்ள வந்து, போர்ப்பக்கத்துல நின்னு, நின்ன எடத்துலயே உறுமுச்சு பாருங்க. நெஞ்சுக்கூடு அதிரும். போர் பாதிக்கு மேல எரிஞ்சுடுச்சு, மீதி தப்பிச்சது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பையனுக்கு, உலகத்துலயே பலமான எஞ்சின் அதுதான்னு மனசுல பதிஞ்சு போச்சு.

வருஷா வருஷம் ஏப்ரல் 14-ல இருந்து 20 வரைக்கும் தீத்தொண்டு வாரம். 1944-ல பம்பாய்த் துறைமுகத்துல ஃபோர்ட் ஸ்டைகின்ங்கிற கப்பல் வெடிச்சப்ப அணைக்கப் போய்ச் செத்த தீயணைப்பு வீரர்கள் நினைவா அந்த நாள். இந்த வருஷம் எங்க சந்தைப்பேட்டையில செயல்விளக்கம் காட்ட வந்தாங்க. அதே புது வண்டி, அதே டிரைவர் தம்பி. கூட்டம் கலைஞ்சதும் போய்ப் பேச்சுக் குடுத்தேன். "எத்தனை எச்.பி.ங்க தம்பி?" "நூத்தம்பதுங்ணா. நாலு சிலிண்டர்தான், டர்போ." நாலு சிலிண்டரான்னு எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. பழைய லேலண்ட் ஆறு சிலிண்டர் ஆச்சே! அப்புறம் ஒரு சின்ன டேங்க் மூடியைக் காட்டி, "இதுல யூரியாத் தண்ணி ஊத்தணும்ங்ணா, இல்லைன்னா வண்டி மக்கர் பண்ணும்"னார். 2020-க்கு அப்புறம் வந்த பி.எஸ். 6 டீசல் லாரி பெரும்பாலும் இப்படித்தானாம். புகையில இருக்கிற நைட்ரஜன் ஆக்சைடை மாத்தறதுக்கு, நூத்துல முப்பத்திரெண்டரை பங்கு யூரியா கலந்த சுத்தமான தண்ணி. நமக்கே மூட்டைக்கு வரிசையில நிக்க வேண்டியிருக்கு, இதுல வண்டிக்கு வேறயான்னு நினைச்சுக்கிட்டேன்.

எனக்கு மனசு ஆறலை. என் சம்சாரத்தோட பெரியப்பா தீயணைப்புத் துறையில முப்பது வருஷத்துக்கு மேல டிரைவரா இருந்து ரிட்டையர் ஆனவர். காமெட்டும் ஓட்டியிருக்கார், டர்போ வண்டியும் ஓட்டியிருக்கார். சித்திரை நோம்பிக்கு வீட்டுக்கு வந்திருந்தார். சாப்பிட்டுட்டுத் திண்ணையில உக்காந்தப்ப ஆரம்பிச்சேன்.

"மாமா, பழைய வண்டியில இருந்த இழுவை புதுசுல இல்லீங்களே?"

"யாருங்க மாப்ள சொன்னது? காமெட்டு எத்தனை எச்.பி.ன்னு தெரியுமுங்களா? ஏறக்குறைய நூத்திப்பத்து. ஆறு லிட்டர் எஞ்சின், டர்போ கிடையாது. அதுல நாலாயிரத்தி ஐநூறு லிட்டர் தண்ணியை ஏத்துனா தண்ணி மட்டும் நாலரை டன். ஆளு, ஏணி, பம்ப்பு எல்லாம் சேர்ந்து பதினொண்ணு, பன்னெண்டு டன் வரும். மேட்டுல செகண்டு கியர்ல முக்கிக்கிட்டுப் போறப்ப, சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். சத்தம் பெருசு மாப்ள, அவ்வளவுதான்."

என் பெரியவ பிளஸ் டூ படிக்கிறா. அவளை நோட்டு எடுத்துட்டு வரச் சொன்னேன். 12 டன் வண்டி, இருபதடிக்கு ஒரு அடி ஏறுற மேடு, கியர்பாக்ஸ்லயும் ஆக்சில்லயும் கொஞ்சம் விரயம்னு வெச்சு அவ கணக்குப் போட்டா. 110 எச்.பி. வண்டி அந்த மேட்டுல மணிக்கு 35 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல ஏறும். 150 எச்.பி. வண்டி 48 வரைக்கும் போகும். சமதரையில இந்த வித்தியாசம் அவ்வளவு தெரியாது, ரோடும் டிராபிக்கும்தான் தீர்மானிக்கும். மொத்தத்துல 14 கிலோமீட்டருக்கு மூணு நிமிஷமோ நாலு நிமிஷமோ மிச்சம். காஞ்ச தட்டு எரியறப்ப நாலு நிமிஷம்ங்கிறது எவ்வளவு பெருசுன்னு இந்தப் பங்குனியில பார்த்துட்டேன்.

சரி, ரோட்டுல புதுசு கெட்டி. தண்ணி பீய்ச்சறதுல பழசுதானே கெட்டின்னு விடாம கேட்டேன். மாமா சிரிச்சுட்டு, "நீங்க டிராக்டர்ல பி.டி.ஓ. போட்டு ரொட்டவேட்டர் ஓட்டறீங்கல்ல, அதேதாங்க"ன்னார்.

இது டவுன்ல பலபேருக்குத் தெரியாது. தீயணைப்பு வண்டியில பெரும்பாலும் பம்ப்புக்குத் தனி எஞ்சின் கிடையாது. ரோட்டுல ஓட்டிட்டு வந்த அதே எஞ்சின்தான், வண்டி நின்னதும் பி.டி.ஓ. வழியா பம்ப்பைச் சுத்தும். சக்கரத்துக்குப் போற பலம் பம்ப்புக்குத் திரும்பிடும். நான் சின்னப் பையனா நெஞ்சு அதிரக் கேட்டது, நின்னுக்கிட்டே ஓடுற எஞ்சினோட சத்தம்.

பம்ப்புன்னு வந்துட்டா அது நம்ம ஏரியா. கோயமுத்தூர்ப் பக்கம் எந்த மோட்டார்க் கடைக்காரர்கிட்டக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்லிடுவார்: நிமிஷத்துக்கு எத்தனை லிட்டரோ அதை மீட்டர் ஹெட்டால பெருக்கி, 4500-ஆல வகுத்தா எச்.பி. தீயணைப்பு வண்டியோட பம்ப்பு நிமிஷத்துக்கு 2250 லிட்டர், 7 கிலோ பிரஷர்ல தள்ளும்னு வெச்சுக்கங்க. 7 கிலோன்னா 70 மீட்டர் ஹெட், நம்ம பாஷையில 230 அடி. பெருக்கி வகுத்தா 35 எச்.பி. பம்ப்புலயே கொஞ்சம் வீணாப் போகும், அதையும் சேர்த்தா 60 எச்.பி.க்குள்ள அடங்கிடும்.

நோட்டை நானே ரெண்டு தடவை சரிபார்த்தேன். 60 தான். 110 எச்.பி. காமெட்டுக்கு அது பாதிப் பலம். 150 எச்.பி. வண்டிக்கு அதுலயும் கம்மி. அதாவது தீ முன்னால போய் நின்னுட்டா, பழசும் புதுசும் ஒரே மாதிரிதான் தண்ணி அடிக்கும். பம்ப்பு எதைக் கேட்குதோ அதைத்தான் எஞ்சின் குடுக்கும். எங்க கிணத்துல 5 எச்.பி. மோட்டாரைக் கழட்டிட்டு அதே பம்ப்புக்கு 10 எச்.பி. மாட்டினா தண்ணி ரெண்டு மடங்கா வந்துடுமா? வராது.

"அப்ப புதுசுல என்னதாங்க மாமா விசேஷம்?"

"நிறைய இருக்குங்க மாப்ள. டர்போ எஞ்சின் ஆயிரத்தி இருநூத்திச் சொச்சம் ஆர்.பி.எம்.லயே முழு இழுவையும் குடுத்துடும். காமெட்டை முறுக்கிக்கிட்டே இருக்கணும். பவர் ஸ்டீரிங் இல்லாம அந்த வண்டியை ஒடிச்சு ஒடிச்சு எனக்குத் தோள்பட்டை போச்சு. பிரேக்கும் அப்படித்தான். தண்ணி வண்டியை நிறுத்தறதுதாங்க கஷ்டம். பிரேக் அடிச்சா நாலரை டன் தண்ணி முன்னாடி அலை அடிக்கும். டேங்குக்குள்ள தடுப்பு இருந்தாலும் முதுகுல ஒரு தள்ளு தள்ளும். காலையில டூட்டி மாறினதும் முதல் வேலை வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஏர் ஏத்தி வெக்கறது. மணி அடிச்சதுக்கு அப்புறம் ஏர் ஏறுறதுக்குக் காத்துக்கிட்டு இருக்க முடியுமா?"

பழசுக்கும் ஒரு நல்லது சொன்னார். "டீசல் லைன்ல ஏர் பிடிச்சுக்கிச்சுன்னா ஒரு ஸ்பேனர் போதும். வழியிலயே நானே எடுத்துடுவேன். புது வண்டி லேசுல நிக்காது. நின்னுட்டா கம்ப்யூட்டர் கொண்டு வர்ற ஆளு வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்." இன்னொண்ணும் சொன்னார், எனக்குப் புதுசு. லாரி ஓடுறப்ப எதிர்க்காத்து ரேடியேட்டரைக் குளிர வைக்கும். தீயணைப்பு வண்டி மணிக்கணக்கா நின்ன எடத்துலயே லோடுல ஓடணும், அதுவும் நெருப்புக்குப் பக்கத்துல. அதனால பம்ப்புத் தண்ணியிலயே கொஞ்சம் பிரிச்சு, எஞ்சின் தண்ணியைக் குளிர வைக்கத் தனியா ஒரு குழாய் வெச்சிருப்பாங்க. அதனாலயே கிலோமீட்டரைப் பார்த்து இந்த வண்டியோட வயசைச் சொல்ல முடியாதாம். மீட்டர் கொஞ்சமாக் காட்டும், எஞ்சின் நிறைய ஓடியிருக்கும். பதினஞ்சு வருஷம் தாண்டின அரசு வண்டிகளுக்குப் பதிவு கிடையாதுன்னு 2023 ஏப்ரல்ல விதி வந்துச்சே, அதைப் பத்தி அவருக்கு ரெண்டு மனசு. "நல்லா வெச்சிருந்த வண்டியும் போகும், உருப்படாததும் போகும்"னார்.

அப்புறம் பேச்சு எங்க ஊர்த் தீக்குத் திரும்புச்சு. ஹோஸ் எத்தனைன்னு கேட்டார். பதினாறுன்னேன். "63 மில்லி ஹோஸு. 240 மீட்டர். அந்த ஹோஸ் நிரம்பறதுக்கே எவ்வளவு தண்ணி போகும்னு போடு கண்ணு"ன்னு என் மகளைப் பார்த்துச் சொன்னார். அவ போட்டா: 750 லிட்டர். டேங்குல ஆறுல ஒரு பங்கு, தீயில ஒரு சொட்டு விழறதுக்கு முன்னாடியே குழாய்க்குள்ள. மீதி 3750. ஒரு முனையில நிமிஷத்துக்கு 450 லிட்டர்னா எட்டு நிமிஷம் சொச்சம். அவ்வளவுதாங்க ஒரு வண்டித் தண்ணி. அதுக்கப்புறம் எத்தனை எச்.பி. இருந்து என்ன?

அன்னிக்கு நடந்ததும் அதுதான். எட்டு நிமிஷம் அடிச்சாங்க. போர்மேல தண்ணி மேலாப்புல ஓடுச்சு, உள்ள கனல் அப்படியே இருந்துச்சு. தண்ணி தீர்ந்ததும் வண்டி ஊர்த் தொட்டிக்கு ரெண்டரை கிலோமீட்டர் போய் ரொப்பிக்கிட்டு வரணும். "பக்கத்துல கிணறு இருக்கே, அதுல இருந்து உறிஞ்ச முடியாதா?"ன்னு ஒரு பெரியவர் கத்தினார். கிணத்துல தண்ணி 70 அடியில கிடக்கு. உறிஞ்சற பம்ப்பு எதுவா இருந்தாலும், எவ்வளவு பலமான எஞ்சினா இருந்தாலும், மேல இருந்து உறிஞ்சினா கணக்குப்படி 33 அடிதான் எல்லை, நடைமுறையில 25 அடி. பம்ப்பு தண்ணியை இழுக்கறது இல்லைங்க, காத்தோட அழுத்தம்தான் கீழ இருந்து தள்ளிவிடுது. ஃபுட்வால்வ் ஒழுகினா சாணியைக் கரைச்சு ஊத்தி மோட்டார் ஓட்டின எந்த விவசாயிக்கும் இது தெரியும். 1991-ல இதே கிணத்துல 20 அடியில தண்ணி. அப்ப வந்த காமெட்டு கிணத்து மேட்டுல நின்னு உறிஞ்சி அடிச்சுச்சு. அதனாலதான் எங்க போர் பாதி தப்பிச்சது. எஞ்சினோட தம்முன்னு நான் இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்ததுல பாதி, கிணத்துல இருந்த தண்ணி.

மீதிப் பாதிக்கு மாமாதான் வழி வெச்சார். கிளம்பறப்ப, செருப்பை மாட்டிக்கிட்டே கேட்டார்.

"பழைய வண்டி உள்ள வந்துச்சுன்னீங்களே மாப்ள. எந்த வழியா?"

"இதே இட்டேரிங்க மாமா."

"காமெட்டுக்கும் இப்ப இருக்கிற வண்டிக்கும் அகலத்துல பெருசா வித்தியாசம் கிடையாதுங்க. ரெண்டும் எட்டடி சுமார்தான். வண்டி பெருக்கலை, இட்டேரிதான் சிறுத்திருக்கணும்."

அவர் ஒண்ணும் தப்பா நினைச்சுச் சொல்லலை. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டார். நான் கொஞ்ச நேரம் வாசல்லயே நின்னேன். அப்புறம் டேப்பை எடுத்துக்கிட்டு இட்டேரிக்குப் போனேன். வாய்ப்பக்கம், என் கல்லுக்கும் எதிர்த் தோட்டத்துக் கல்லுக்கும் நடுவுல ஏழடி பத்து அங்குலம்.

2016-ல கிளுவையைப் புடுங்கிட்டுக் கல்லு நட்டது நான்தான். கிளுவை பரப்பிக்கிட்டு எடத்தை அடைக்குது, கம்பி போட்டா ஒரு வரிசை தென்னை சேர்த்து வெக்கலாம்னு கணக்கு. நட வந்த ஆளு, "இங்கயே குழி எடுக்கட்டுங்களா?"ன்னு தடத்துப் பக்கமா காலால கோடு கிழிச்சான். நான் பார்த்தேன். ஒண்ணரை அடி வெளியதான்னு எனக்குத் தெரியும். சரின்னுட்டேன். என் கல்லைப் பார்த்து எதிர்த் தோட்டத்துக்காரரும் அடுத்த வருஷம் அவர் பங்குக்கு வெளிய நட்டார். கிளுவையா இருந்தா வண்டி உரசிக்கிட்டுப் போயிருக்கும், கொப்பு ஒடியும், அவ்வளவுதான். கல்லு ஒடியாது. டிராக்டர் ஆறடிதான், அதுக்குத் தாராளமா இடம் இருந்துச்சு. அதனால எட்டு வருஷமா ஒருத்தருக்கும் தோணலை.

டீக்கடையில பழைய லேலண்டைப் பத்திப் பேசினப்ப எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சுன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

வைகாசி பொறந்து பத்து நாள்ல ஆளு வெச்சு வாய்ப்பக்கத்துக் கல்லு பதினொண்ணையும் புடுங்கி உள்ள தள்ளி நட்டாச்சு. வளைவுல இன்னும் ஆறு இருக்கு, அதுக்கு ரெண்டு தென்னங்கன்னை எடுக்கணும். எதிர்த் தோட்டத்துக்காரர்கிட்டச் சொன்னேன், பார்க்கலாம்னு சொல்லியிருக்கார். என் பக்கம் மட்டும் தள்ளினதுலயே வாய்ப்பக்கம் ஒன்பதடி நாலு அங்குலம் இருக்கு.

கல்லு புடுங்கறப்ப பெரியம்மா பால் ஊத்திட்டுத் திரும்பி வந்தாங்க. முன்ன ரெண்டு கேன் தூக்கிட்டுப் போவாங்க, இப்ப ஒரு சின்னத் தூக்குப்போசி. நின்னு பார்த்தாங்க.

"எதுக்குச் சாமி நல்ல வேலியைப் புடுங்கறே?"

"டிராக்டர் திரும்பறதுக்குச் சிரமமா இருக்குதுங்க பெரிம்மா."

"ஆமா, இப்ப வர்ற வண்டியெல்லாம் பெருசு பெருசா வருது. அன்னிக்கு வந்ததும் அப்படித்தான், பாவம், அந்தப் பசங்க என்ன பண்ணுவாங்க"ன்னுட்டு, போசியை மறுகையில மாத்திக்கிட்டுப் போனாங்க.

இன்னும் சொல்லலைங்க அவங்ககிட்ட.